சீட்டில் வந்த குதிரை

2012ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் தேதி, சனிக்கிழமை. கிராண்ட் நேஷனல் குதிரைப் பந்தய நாள். லிவர்பூலில் நான் செவிலியராகப் பணிபுரிந்த எலும்பு முறிவுப் பிரிவில் காலையிலிருந்தே ஒரு பழைய பிஸ்கட் டப்பா கைமாறிக்கொண்டிருந்தது. அதற்குள் 40 துண்டுச் சீட்டுகள் மடித்துப் போடப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு குதிரையின் பெயர். ஒரு பவுண்டு போட்டு ஒரு சீட்டை எடுக்க வேண்டும், முதலில் வரும் குதிரையின் பெயர் யார் கையில் இருக்கிறதோ அவருக்கே சேர்ந்த பணத்தில் பெரும்பங்கு. ஊருக்குப் புதியவளான எனக்கு அது சூதாட்டமாகவே தோன்றவில்லை. எங்கள் ஊர் ஏலச்சீட்டை எடுப்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தேன். 'அக்கார்டிங் டு பீட்' என்று எழுதியிருந்தது.

இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்திருந்த ஒரு மூதாட்டி, என் கையிலிருந்த சீட்டைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "நல்ல பெயர் அம்மா, முழுதாகத் திரும்பி வரட்டும்" என்றார். முதலில் வரட்டும் என்று அவர் வாழ்த்தவில்லை. முழுதாகத் திரும்பி வர வேண்டும் என்பதே அவருடைய வேண்டுதலாக இருந்தது. பிறந்ததிலிருந்து அந்தப் பந்தயம் நடக்கும் மைதானத்துக்கு அருகிலேயே வாழ்ந்தவர் அவர். அந்தச் சொல்லின் பொருள் அன்று மாலைக்குள் எனக்கு விளங்கிவிட்டது.

கிராண்ட் நேஷனல் என்பது லிவர்பூலின் வடபுறத்தில் உள்ள எய்ன்ட்ரீ மைதானத்தில் ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில் நடக்கும் தடைதாண்டும் குதிரைப் பந்தயம். ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர் தொலைவு, 30 தாண்டுதல்கள், ஒன்பது நிமிடத்துக்குச் சற்று முன்னும் பின்னுமாக முடிந்துவிடும் ஓட்டம். ஆண்டு முழுவதும் பந்தயத்தைத் திரும்பிப் பார்க்காதவர்கள்கூட அன்று ஒரு நாள் பந்தயக் கடைக்குச் சென்று பேத்தியின் பெயரோடு ஒத்த பெயருள்ள குதிரையின் மேல் இரண்டு பவுண்டு கட்டுவார்கள். இந்த வகைப் பந்தயத்துக்கு ஸ்டீபிள்சேஸ் என்று பெயர் வந்த கதையை அயர்லாந்தில் சொல்வார்கள். 1752இல் கார்க் மாவட்டத்தில் கொர்னேலியஸ் ஓ'காலஹன், எட்மண்ட் பிளேக் என்னும் இருவர் பட்டவன்ட் தேவாலயத்திலிருந்து டோனரெய்ல் தேவாலயம் வரை, தொலைவில் தெரியும் கோபுரத்தைக் குறிவைத்து, வழியில் வந்த வேலியையும் வாய்க்காலையும் கல்சுவரையும் தாண்டிக் குதிரையோட்டிப் பார்த்தார்களாம். கோபுரத்தைத் துரத்தும் ஓட்டம் என்பதே பெயரின் பொருள். அங்கே தடைகள் வயல்காட்டில் தாமாக அமைந்திருந்தவை. எய்ன்ட்ரீயில் ஒவ்வொரு தடையையும் மனிதர்கள் அளவெடுத்துக் கட்டியிருக்கிறார்கள். இந்த வேறுபாடு எனக்கு மிக முக்கியமானதாகப் படுகிறது.

1839இல் நடந்த ஓட்டத்தையே முதல் கிராண்ட் நேஷனலாகப் பெரும்பாலோர் கணக்கிடுகிறார்கள். ஜெம் மேசன் ஓட்டிய லாட்டரி என்ற குதிரை வென்றது. அதே பந்தயத்தில் கேப்டன் மார்ட்டின் பெச்சர் என்பவர் ஒரு தடையில் குதிரையிலிருந்து தூக்கியெறியப்பட்டு அதன் மறுபுறம் ஓடிய ஓடையில் விழுந்து, மற்றக் குதிரைகள் தலைக்கு மேலே தாண்டிச் செல்லும்வரை நீருக்குள் பதுங்கிக் கிடந்தார். அந்தத் தடை இன்றும் பெச்சர்ஸ் புரூக் என்றே அழைக்கப்படுகிறது. டிக்டேட்டர் என்ற குதிரை அந்த முதல் ஓட்டத்திலேயே இறந்தது. விழுந்து எழுந்த மனிதரின் பெயர் தடைக்கு வாய்த்தது. இறந்த குதிரையின் பெயரைத் தேடிப் படித்தால்தான் தெரிந்துகொள்ள முடிகிறது.

பந்தயம் இல்லாத ஒரு நாளில் அந்த மைதானத்தின் தடைகளை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். தொலைக்காட்சியில் பச்சைப் புதர்போல் தெரிவது, பக்கத்தில் போனால் ஒரு சுவர். லேக் மாவட்டத்துக் காடுகளிலிருந்து வெட்டிவரும் ஸ்புரூஸ் மரக்கிளைகளை நெருக்கமாகச் செருகி அதை எழுப்புகிறார்கள். ஊசியிலைகளின் பிசின் மணம் மூக்கில் ஏறுகிறது. மேற்பகுதியில் கையை அழுத்தினால் கிளைகள் வளைந்து இடம் கொடுக்கின்றன, கீழே போகப் போக இறுகுகின்றன. மொத்தம் 16 தடைகள். அவற்றில் 14 தடைகளை இரண்டு சுற்றிலும் தாண்ட வேண்டும். 'சேர்' என்னும் தடையையும் நீர்த்தடையையும் ஒரு முறை மட்டும் தாண்டினால் போதும். சேர் 5 அடி 2 அங்குல உயரம். அதன் முன்னால் ஆறடி அகலப் பள்ளம். தாண்டி இறங்கும் பக்கத்துத் தரை, எழும்பும் பக்கத்தைவிட ஆறு அங்குலம் உயர்ந்திருக்கிறது. அதாவது குதிரை எதிர்பார்ப்பதற்கு முன்பே தரை வந்து காலில் மோதிவிடும். பெச்சர்ஸ் புரூக்கில் இதற்கு நேர்மாறு. அங்கே இறங்கும் பக்கம் தாழ்வானது, தரை வர வேண்டிய கணத்தில் அங்கே தரை இருக்காது. இருட்டில் மாடிப்படி இறங்குகிறவருக்குக் கடைசிப் படி கணக்குத் தவறினால் உடம்பு எப்படிக் குலுங்குமோ, அதையே அரை டன் எடையோடும் ஓடும் வேகத்தோடும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். கனால் டர்ன் என்னும் எட்டாவது தடையைத் தாண்டியவுடன் இடப்பக்கம் செங்கோணமாகத் திரும்பியாக வேண்டும்.

குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்தது என்று நம் பழமொழி குதிரையின் மேல் பழி போடுகிறது. சேர் தடையின் முன்னால் உள்ள பள்ளத்தின் ஓரத்தில் நின்றபோது, இந்தக் குழியை எந்தக் குதிரையும் பறிக்கவில்லை என்ற எண்ணமே என்னைப் பிடித்துக்கொண்டது. 1862இல் இந்தத் தடையில் விழுந்துதான் ஜோசப் வின் என்ற இளம் ஜாக்கி இறந்தார். கிராண்ட் நேஷனலின் நீண்ட வரலாற்றில் ஓட்டத்தின்போது ஏற்பட்ட காயத்தால் இறந்த ஒரே மனிதர் அவர்தான்.

ஒரே ஒரு மனிதர் என்பதைக் கேட்டதும் இது அவ்வளவு ஆபத்தான பந்தயம் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. உடைந்த மனித எலும்புகளுக்கும் நசுங்கிய முதுகெலும்புகளுக்கும் கணக்கே கிடையாது. ஜாக்கிகளின் வாழ்வில் ஆபத்து எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்றும் சொல்ல முடிவதில்லை. 2004இல் ஆம்பர்லி ஹவுஸ் என்ற குதிரையில் இந்த 30 தாண்டுதல்களையும் கடந்து வென்ற கிரஹாம் லீ, 2023 நவம்பரில் நியூகாசில் மைதானத்தில், தடை எதுவும் இல்லாத சமதளப் பந்தயம் தொடங்கும் நொடியில் குதிரையிலிருந்து வீழ்ந்து கழுத்துத் தண்டுவடம் சிதைந்து செயலிழந்தார். அந்தச் செய்தியைப் படித்த இரவு, கழுத்து முறிந்து எங்கள் பிரிவுக்கு வந்த ஒவ்வொருவரின் முகமும் எனக்கு நினைவுக்கு வந்தது. ஆனாலும் ஜாக்கிக்குத் தான் எதில் இறங்குகிறோம் என்பது தெரியும். ஒப்புக்கொண்டு, கையெழுத்திட்டு, சேணத்தில் ஏறுகிறவர் அவர். அந்தக் கையெழுத்து குதிரைக்குக் கிடையாது.

கால் முறிந்த குதிரையை ஏன் கொன்றுவிடுகிறார்கள் என்று ஊரில் என் தம்பி ஒருமுறை கோபத்தோடு கேட்டான். என் தொழிலும் எலும்பைச் சார்ந்ததே என்பதால் அந்தக் கேள்வியை நானே பல நாள் சுமந்து திரிந்திருக்கிறேன். எங்கள் பிரிவில் தொடை எலும்பு முறிந்து வரும் 86 வயது மூதாட்டிக்கு உலோகக் கம்பி பொருத்தி, மறுநாள் காலையிலேயே இருவர் தாங்கிப் பிடித்துக் கட்டிலோரத்தில் எழுப்பி நிறுத்துகிறோம். வலித்தால் உட்காருவார், வேண்டுமென்றால் ஒரு வாரம் படுத்திருப்பார். குதிரைக்கு இந்த வசதி எதுவும் இல்லை. குதிரையின் முன்காலில் நாம் முழங்கால் என்று நினைப்பது உண்மையில் நம் மணிக்கட்டுக்கு ஒப்பான மூட்டு. அதற்குக் கீழே இருப்பது நம் நடுவிரலுக்கு ஒப்பான ஒற்றை விரல். ஒவ்வொரு காலிலும் ஒரு விரலின் நுனியில், அந்த நுனியில் வளர்ந்த நகமாகிய குளம்பில், ஏறக்குறைய 500 கிலோ உடம்பை அது தாங்கி நிற்கிறது. அந்த மூட்டுக்குக் கீழே சதை கிடையாது. எலும்பு, தசைநாண், தோல், மெல்லிய இரத்தக் குழாய்கள் அவ்வளவுதான். அங்கே எலும்பு சிதறினால் கூரிய துண்டுகள் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும், இரத்த ஓட்டம் அறும், மண் உள்ளே புகும். முறிந்த காலை ஊன்றாமல் காக்க வேண்டுமானால் மற்ற மூன்று கால்கள் அந்தப் பாரத்தை வாரக்கணக்கில் சுமக்க வேண்டும். அப்போது நல்ல காலின் குளம்புக்குள் அழற்சி தோன்றி, குளம்பை எலும்போடு பிணைத்திருக்கும் மென்திசு விட்டுப் போகும்.

2006இல் அமெரிக்காவில் கென்டக்கி டெர்பியை வென்ற பார்பரோ என்ற குதிரைக்கு, இரண்டே வாரத்தில் அடுத்த பந்தயத்தில் பின்னங்கால் சிதறியபோது, உலோகத் தகட்டையும் 27 திருகாணிகளையும் வைத்துப் பொருத்தினார்கள். எலும்பு பெரும்பாலும் கூடியும்விட்டது. கடைசியில் அந்தக் குளம்பு நோயே மற்றக் கால்களில் முற்றி, 2007 ஜனவரியில் அதை ஊசி போட்டு விடுவிக்க வேண்டியதாயிற்று. பணமும் அன்பும் மிகச் சிறந்த மருத்துவமும் கிடைத்த ஒரு குதிரையின் நிலையே அதுதான். எய்ன்ட்ரீ புல்தரையில் பச்சைத் திரையை விரித்து மறைத்துக்கொண்டு கால்நடை மருத்துவர் குனியும்போது, அவர் கல்நெஞ்சக்காரர் என்று எனக்குத் தோன்றுவதில்லை. அந்தத் திரை விரிய நேர்வதைத் தடுத்திருக்க முடியாதா என்பதே என் கேள்வி.

மாலை நாலேகால் மணிக்கு 2012ஆம் ஆண்டுப் பந்தயம் தொடங்க இருந்தது. தொடங்குவதற்கு முன்பே ஒரு கலவரம். நான்கு வாரங்களுக்கு முன் செல்டன்ஹாம் தங்கக் கோப்பையை வென்றிருந்த சின்க்ரனைஸ்ட் என்ற குதிரை, புகழ்பெற்ற ஜாக்கியான டோனி மக்காயைத் தள்ளிவிட்டுத் தனியே ஓடியது. பிடித்துக் கொண்டுவந்தார்கள். மருத்துவர் பார்த்து ஓடலாம் என்றார், ஓடியது. முதல் சுற்றில் பெச்சர்ஸ் புரூக்கில் விழுந்தது. அந்த வீழ்ச்சியில் அது சாகவில்லை. எழுந்து, முதுகில் ஆள் இல்லாமலே, கூட்டம் போன திசையில் தானும் ஓடியது. அடுத்தடுத்த தடைகளைத் தானாகவே தாண்டிச் சென்று பதினோராவது தடையில் பின்னங்காலை முறித்துக்கொண்டது. குதிரை கூட்டத்தோடு வாழும் விலங்கு, கூட்டம் ஓடினால் தான் மட்டும் நின்றுவிடாது. குதிரை விரும்பித்தான் ஓடுகிறது என்று வாதிடுவோர் இதையே சான்றாகக் காட்டுகிறார்கள். எனக்கோ இது தனித்து நிற்க அஞ்சும் ஓர் உயிரின் ஓட்டமாகவே தெரிகிறது.

என் சீட்டில் வந்த குதிரை முதல் சுற்று முழுவதையும் ஒழுங்காகத் தாண்டியது. அதன் ஜாக்கியின் சட்டை நிறத்தை அடையாளம் வைத்துக்கொண்டு மூதாட்டியும் நானும் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டாம் சுற்றில் அதே பெச்சர்ஸ் புரூக்கில் வேறொரு குதிரை முன்னால் விழ, இறங்க இடமில்லாமல் அதன்மேல் இடறி அக்கார்டிங் டு பீட்டும் சாய்ந்தது. அதன் பக்கம் தவறே இல்லை. கேமரா முன்னே போய்விட்டது. நெப்டியூன் கொலாஞ்ஜ் என்ற வெள்ளைக் குதிரை மூக்கு நுனி வித்தியாசத்தில் வென்றதை எல்லோரும் ஆரவாரித்துக்கொண்டிருந்தபோது, மூதாட்டி மட்டும் "உன் பையன் எழுந்தானா?" என்று கேட்டார். எழவில்லை என்பது மாலைச் செய்தியில் தெரிந்தது. அந்தச் சீட்டைக் குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை.

பெரிய தடைகளே ஆபத்து என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். கூட்ட நெரிசலும் ஆளில்லாக் குதிரைகளும் அவற்றுக்குக் குறைந்த ஆபத்தல்ல என்பதை 1967ஆம் ஆண்டே காட்டிவிட்டது. இரண்டாம் சுற்றில் 23ஆவது தாண்டுதல், மைதானத்திலேயே மிகச் சிறிய தடை, நாலரை அடி உயரம். ஜாக்கியை முன்பே இழந்திருந்த பாப்பம் டவுன் என்ற குதிரை அந்தத் தடையின் முன் குறுக்கே திரும்பி ஓட, பின்னால் வந்தவை ஒன்றன்மேல் ஒன்றாக மோதிக் குவிந்தன. மிகவும் பின்தங்கி வந்த ஃபொய்னவன் என்ற குதிரைக்கு மட்டும் நிதானிக்க நேரம் இருந்தது. அதன் ஜாக்கி ஜான் பக்கிங்ஹாம் ஓர் இடைவெளியைக் கண்டுபிடித்து ஓட்டிச் சென்று ஒரு பவுண்டு கட்டியவருக்கு நூறு பவுண்டு என்ற பந்தய விலையில் வென்றார். அதன் உரிமையாளர்கூட அன்று மைதானத்துக்கு வந்திருக்கவில்லை. பலரும் இதை வேடிக்கைக் கதையாகச் சொல்கிறார்கள். அத்தனை குதிரைகளை ஒரே நேரத்தில் அவ்வளவு குறுகிய தடையை நோக்கி விரட்டலாமா என்ற கேள்வி அன்றே எழுந்திருக்க வேண்டும்.

இந்தப் பந்தயத்தில் அழகு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 1973ஆம் ஆண்டு ஓட்டத்தின் பதிவை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. 12 ஸ்டோன், அதாவது சுமார் 76 கிலோ சுமந்த கிறிஸ்ப் என்னும் ஆஸ்திரேலியக் குதிரை, மற்றவற்றை வெகுதூரம் பின்னால் விட்டுவிட்டுத் தனியாகப் பறக்கிறது. வலிய குதிரைக்குக் கூடுதல் பாரம் ஏற்றி எல்லாவற்றையும் சமப்படுத்துவது இந்தப் பந்தயத்தின் விதி. அதைவிடப் பத்துக் கிலோவுக்கும் மேல் குறைவாகச் சுமந்த ரெட் ரம், கடைசித் தடைக்குப் பின் தள்ளாடத் தொடங்கிய அதை முக்கால் குதிரை நீளத்தில் முந்துகிறது. சவுத்போர்ட் கடற்கரை மணலில் ஜிஞ்சர் மக்கெய்ன் பழக்கிய அந்த ரெட் ரம் 1974இலும் 1977இலும் மீண்டும் வென்றது, இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளிலும் இரண்டாவதாக வந்தது. ஐந்து ஆண்டுகளில் 150 தாண்டுதல்கள், ஒருமுறையும் விழவில்லை. 1995இல் இறந்தபோது எய்ன்ட்ரீயின் வெற்றிக் கம்பத்தருகிலேயே புதைத்தார்கள். அந்தக் கல்லறைக்கு முன்னால் நின்று நானும் கண்கலங்கியிருக்கிறேன். அங்கே வென்ற குதிரைக்குக் கல்லறை இருப்பதுபோல், விழுந்த குதிரைகள் அனைத்தின் பெயரையும் பொறித்த ஒரு பலகையும் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

குதிரைகள் இறப்பது இந்த விளையாட்டோடு பிறந்தது, தவிர்க்க முடியாதது என்று அந்த ஊரில் நான் கேட்காத நாள் இல்லை. ஆனால் இந்தப் பந்தயத்தின் வரலாற்றை வரிசையாகப் படித்தால் தவிர்க்க முடியாதது என்ற சொல் நிற்பதே இல்லை. 1954இல் நான்கு குதிரைகள் இறந்தன. 1989இல் பெச்சர்ஸ் புரூக்கில் இரண்டு இறந்த பின்னரே அங்கிருந்த ஓடையை மேடாக்கி, இறங்கும் சரிவைச் சீராக்கினார்கள். கேப்டன் பெச்சர் விழுந்த நாளிலிருந்து 150 ஆண்டுகள் அந்தச் சரிவு அங்கேதான் இருந்தது. 1998இல் மூன்று. 2011இல் இரண்டு, அந்த ஆண்டு உடல்கள் கிடந்த தடைகளை இரண்டாம் சுற்றில் விலக்கி ஓடியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. 2012இல் மேலும் இரண்டு. அதன்பின் 2013இல் தடைகளுக்கு உள்ளே இருந்த கடினமான மரச்சட்டங்களை எடுத்துவிட்டு வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக்கை வைத்தார்கள். 2013 முதல் 2018 வரை ஆறு ஆண்டுகள் இந்தப் பந்தயத்தில் ஒரு குதிரைகூட இறக்கவில்லை. அதே தடைகளில் நடக்கும் துணைப் பந்தயங்களில் மரணங்கள் இருந்தன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இருந்தாலும் மரச்சட்டத்தை மாற்ற முடியும் என்றால், அது அதற்கு முன்பும் மாற்றக்கூடியதாகவே இருந்தது. யாரும் மாற்றவில்லை, அவ்வளவே.

2019இல் முதல் தடையிலேயே அப் ஃபார் ரிவ்யூ இறந்தது. தடை மென்மையானால் ஜாக்கி துணிந்து விரட்டுகிறார், வேகம் கூடினால் விழும்போது அடியும் கூடுகிறது என்று இந்தத் தொழிலில் உள்ளவர்களே எச்சரித்து வந்திருக்கிறார்கள். 1990இல் காய்ந்து இறுகிய தரையில் மிஸ்டர் ஃபிரிஸ்க் 8 நிமிடம் 47.8 நொடியில் ஓடி முடித்த வேகச் சாதனை இன்னும் உடைபடவில்லை. அது உடைபடக் கூடாது என்றே நான் நினைக்கிறேன். இப்போதெல்லாம் தரை இறுகாமலிருக்க நீர் பாய்ச்சுகிறார்கள். குதிரையின் கண்ணுக்கு ஆரஞ்சு நிறம் பச்சையிலிருந்து பிரிந்து தெரிவதில்லை என்று எக்ஸெட்டர் பல்கலைக்கழக ஆய்வு காட்டிய பிறகு, தடையின் அடியில் இருக்கும் ஆரஞ்சுப் பலகைகளை வெள்ளைக்கு மாற்றியிருக்கிறார்கள். தன் கண்ணுக்குப் புலப்படாத கோட்டைப் பார்த்துத் தாண்டச் சொல்லி எத்தனை தலைமுறைக் குதிரைகளை விரட்டியிருக்கிறோம் என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

2023இல் விலங்குரிமைப் போராளிகள் வேலியேறி ஓடுபாதைக்குள் புகுந்தனர். காவல்துறை 118 பேரைக் கைது செய்தது, பந்தயம் கால்மணி நேரம் போலத் தாமதித்துத் தொடங்கியது. முதல் தடையிலேயே ஹில் சிக்ஸ்டீன் விழுந்து இறந்தது. காத்திருந்ததில் குதிரை மிரண்டுவிட்டது என்று அதன் பயிற்சியாளர் போராளிகளைக் குற்றம் சாட்டினார். அவருடைய துயரத்தை நான் மதிக்கிறேன், அவரோடு உடன்படவில்லை. மறு ஆண்டே மைதானத்தார் ஓடும் குதிரைகளின் எண்ணிக்கையை 40இலிருந்து 34ஆகக் குறைத்தார்கள். முதல் தடையை நெருங்குமுன் வேகம் பிடித்துவிடாமலிருக்க அதைத் தொடக்கக் கோட்டுக்கு 60 கெஜம் அருகில் கொண்டுவந்தார்கள், பதினோராவது தடையின் உயரத்தில் இரண்டு அங்குலம் குறைத்தார்கள். சின்க்ரனைஸ்ட் காலை முறித்துக்கொண்ட அதே தடை அது. 2024 ஓட்டத்தில் 32 குதிரைகள் புறப்பட்டன, 21 முடித்தன, ஒன்றுகூட விழவில்லை. பந்தயத்தின் உயிரே போய்விட்டது என்று சிலர் புலம்பினார்கள். அன்று மாலை போல் நிம்மதியாக நான் ஒருநாளும் அந்தத் தொலைக்காட்சியை அணைத்ததில்லை. 34 என்பதுகூட அதிகம் என்பது என் எண்ணம். 25ஆகக் குறைத்தாலும் லிவர்பூல் மக்கள் அன்று புத்தாடை உடுத்திக்கொண்டு வரத்தான் செய்வார்கள்.

நான் இப்போது சீட்டு எடுப்பதில்லை. அந்தச் சனிக்கிழமைகளில் ஓடும் குதிரைகளின் பெயர்களை ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்துக்கொள்கிறேன். ஒவ்வொன்றும் நின்றுவிட்டதோ, ஜாக்கியைத் தள்ளிவிட்டதோ, முடித்துவிட்டதோ, எப்படியானாலும் உயிரோடு லாயம் திரும்பியது என்று உறுதியான பின் அதன் பெயருக்கு நேரே ஒரு கோடு போடுகிறேன். 2025 ஏப்ரல் 5ஆம் தேதி நிக் ராக்கெட் வென்றது. அதன் பயிற்சியாளர் வில்லி மல்லின்ஸ், ஓட்டியவர் அவருடைய மகன் பாட்ரிக். மகனை நினைத்துத் தந்தை பேச முடியாமல் அழுததைப் பார்த்து நானும் அழுதேன். அன்றிரவே பெயர்களுக்கு நேரே கோடுகள் போட்டு முடித்தேன், ஒன்றைத் தவிர. செலப்ரே தாலென் என்ற 13 வயதுக் குதிரை கடைசித் தடையைத் தாண்டிய பின் தளர்ந்து தரையில் சரிந்திருந்தது. தேறி வருகிறது என்று முதலில் செய்தி வந்தது. ஞாயிறும் திங்களும் தாளைச் சாப்பாட்டு மேசையிலேயே வைத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை பணிக்குப் புறப்படும்போது அது இறந்துவிட்ட செய்தி கைப்பேசியில் வந்தது. தாளை நான்காக மடித்து, 2012ஆம் ஆண்டுச் சீட்டு இருக்கும் உறைக்குள் வைத்துவிட்டுப் பணிக்குச் சென்றேன்.